உறக்கம் தொலைத்தவர்களின் பண்ணை

மார்பின், ஹெராயின் போன்ற அபின்வகைப் போதைப்பொருட்களைப் பல மாதம் தொடர்ந்து எடுத்தவர் திடீரென்று நிறுத்தினால், அடுத்து என்ன நடக்கும் என்பதை மணிக்கணக்கில் சொல்லிவிடலாம். கடைசி வேளை முடிந்து எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் கொட்டாவி வரும். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும், வியர்க்கும். அதையடுத்துப் புரண்டு புரண்டு ஓர் அரைத்தூக்கம் வரும். அதிலிருந்து விழிக்கும்போது உடல் முன்னைவிட மோசமாக இருக்கும். பிறகு மயிர்க்கூச்செறிதல், நடுக்கம், வாந்தி, வயிற்றுப்போக்கு, எலும்புக்குள் வலி என்று ஒவ்வொன்றாகச் சேரும். படுத்தால் கால்கள் தாமாக உதறிக்கொள்ளும். 36 மணி நேரத்துக்கும் 72 மணி நேரத்துக்கும் இடையில் வேதனை உச்சத்தைத் தொடும். ஒரு வாரத்தில், மிஞ்சினால் பத்து நாளில், பெரும்பாலானவை அடங்கிவிடும்.

தூக்கம் மட்டும் திரும்பாது. வாந்தி நின்று, பசி எடுத்து, உடம்பில் சதை பிடித்த பிறகும் இரவு இரண்டு மணிக்குக் கண் விழித்துக் கூரையைப் பார்த்துக் கிடப்பது வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். மீண்டும் பழக்கத்தில் விழுபவர்களில் பலர் விழுவது இந்தக் காலத்தில்தான். மருத்துவம் இதை முறையாக அளந்து அறிந்துகொண்டதில் பெரும்பங்கு ஒரே கட்டடத்தில் நடந்தது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லெக்சிங்டன் நகரை ஒட்டி 1935 முதல் 1974 வரை இயங்கிய அரசு மருத்துவமனை அது. அந்த இரவுகளைத் தாண்ட மனிதத் துணை உதவும் என்பதை நோயாளிகளே கூடிப் பேசிக் கண்டதும் அதே கட்டடத்தில்தான். ஆய்வுக்கூடமும் கூட்ட அறையும் ஒரே கூரையின்கீழ் இருந்தும் ஒன்றுக்கொன்று அதிகம் பேசிக்கொள்ளவில்லை. அதன் விலையை நோயாளிகள் கொடுத்தார்கள்.

லெக்சிங்டனுக்கு முந்தைய அறுபது ஆண்டுகளில் மருத்துவர்கள் முதல் வாரத்தோடு மட்டுமே மல்லுக்கட்டினார்கள். 1877-இல் பெர்லின் மருத்துவர் எட்வர்ட் லெவின்ஸ்டைன் மார்பின் அடிமைத்தனத்தைத் தனி நோயாக விவரித்து நூல் எழுதினார். அவருடைய முறை ஒரே வெட்டு. நோயாளியைத் தனியறையில் அடைத்து, தன்னைத்தானே மாய்த்துக்கொள்ள உதவும் பொருள் எதுவும் இல்லாமல் அறையைக் காலிசெய்து, செவிலியரைக் காவல் வைத்து, மருந்தை அடியோடு நிறுத்திவிடுவார். எட்டு முதல் பதினான்கு நாள் அடைப்பு. வெந்நீர்க் குளியலும், உறக்கத்துக்குக் குளோரல் ஹைட்ரேட்டும் உண்டு. குளோரல் அப்போது புதுசு. 1869-இல்தான் அது தூக்க மருந்தாகப் புழக்கத்துக்கு வந்திருந்தது. அதுவும் பழக்கமாகிவிடும் என்பது தெரியவர அதிக நாள் ஆகவில்லை. ஒன்றை விட்டவர் மற்றொன்றைப் பிடித்துக்கொண்டார்.

வேதனை நேரம் முழுவதையும் தூங்க வைத்தே கடத்திவிட்டால் என்ன என்ற எண்ணம் பலருக்கு வந்திருக்கிறது. ஷாங்காயில் தொழில் செய்த ஸ்காட்லாந்து மருத்துவர் நீல் மக்லியாட், நெடுநாள் மார்பின் பழக்கம் உள்ளவரைச் சோடியம் புரோமைடின் பெரிய அளவுகளால் நாட்கணக்கில் உறக்கத்தில் ஆழ்த்தி, விழித்தபோது பழக்கம் விட்டிருந்ததாக 1897-இல் எழுதினார். மனநோயாளிகளுக்கும் அதைச் செய்துபார்த்தார். ஒருவர் இறந்தார். இருபதாம் நூற்றாண்டில் மனநல மருத்துவத்தில் பெருங்கேடு விளைவித்த 'ஆழ்துயில்' சிகிச்சையின் தொடக்கப்புள்ளிகளில் இந்தப் புரோமைடு உறக்கமும் ஒன்று. எண்ணத்தின் அடிப்படையே பிழை. தூக்க மருந்து தரும் மயக்கம் உடல் தானாகத் தூங்கும் தூக்கம் அல்ல. நாட்களை அது கடத்தித் தரும், ஆனால் தூங்கும் திறனைத் திருப்பித் தராது.

நியூயார்க்கில் சார்லஸ் டவுன்ஸ் என்பவர் நடத்திய மருத்துவமனையின் கதை இதைவிடச் சுவையானது. டவுன்ஸ் மருத்துவம் படித்தவர் அல்லர், காப்பீடு விற்றவர். பெல்லடோனா, ஹயோசயாமஸ் என்ற இரண்டு நச்சுச் செடிகளின் சாற்றை மணிக்கொரு முறை கொடுத்து, இடையிடையே கடும் பேதிமருந்தும் கொடுத்தால் சில நாளில் போதை ஏக்கமே அற்றுப்போகும் என்றார். தியோடர் ரூஸ்வெல்ட்டின் மருத்துவரான அலெக்சாண்டர் லாம்பர்ட் அதை நம்பி 1909-இல் மருத்துவ இதழில் எழுதியதும் முறைக்கு மதிப்பு வந்துவிட்டது. பெல்லடோனா சித்தத்தைக் கலக்கும். நோயாளிகள் பிதற்றினார்கள், இல்லாததைக் கண்டார்கள். அபின் ஏக்கத்துக்காக வந்த இந்தச் சிகிச்சை பிற்காலத்தில் குடிநோயாளிகளுக்கும் கொடுக்கப்பட்டது. அவர்களில் ஒருவர் பில் வில்சன். 1934 டிசம்பரில் டவுன்ஸ் மருத்துவமனைக் கட்டிலில் இருந்து எழுந்தவர் அதன்பின் குடிக்கவில்லை. ஆனால் அவரைக் காப்பாற்றியது பெல்லடோனா அல்ல என்பதை அவரே சில மாதத்தில் உணர்ந்தார். 1935-இல் ஓஹியோவின் ஏக்ரான் நகரில், குடியை விட முடியாமல் தவித்த மற்றொரு மனிதரான மருத்துவர் பாப் ஸ்மித்தைத் தேடிப்போய்ப் பேசினார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற பெயரற்ற குடிநோயாளர் சங்கம் அந்தப் பேச்சில் பிறந்தது.

அதே 1935-இல், மே 25 அன்று, லெக்சிங்டன் திறக்கப்பட்டது. அதற்கான காரணம் சட்டம்தான். 1914-இல் வந்த ஹாரிசன் சட்டமும், அதற்கு நீதிமன்றங்கள் தந்த விளக்கமும் சேர்ந்து, அடிமைப்பட்டவருக்கு மருத்துவர் மார்பின் எழுதித் தருவதையே குற்றமாக்கிவிட்டன. நகரங்கள் நடத்திய மருந்தகங்கள் 1920களின் தொடக்கத்தில் மூடப்பட்டன. கூட்டாட்சிச் சிறைகள் போதை வழக்குக் கைதிகளால் நிரம்பின. சிறை அதிகாரிகளுக்கு இவர்களை வைத்துக்கொள்ள விருப்பமில்லை. பென்சில்வேனியாவின் நாடாளுமன்ற உறுப்பினர் ஸ்டீபன் போர்ட்டர் கொண்டுவந்த 1929 சட்டம் இரண்டு 'போதைப் பண்ணை'களுக்கு வழி செய்தது. ஒன்று லெக்சிங்டன், மற்றொன்று 1938-இல் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் திறந்தது.

சுமார் ஆயிரம் ஏக்கர் நிலத்தில் செங்கல்லால் எழுந்த பெரிய வளாகம். மாட்டுப்பண்ணையும் காய்கறித் தோட்டமும் தையற்கூடமும் தச்சுப்பட்டறையும் இருந்தன. பந்துருட்டுக் கூடமும் நாடக அரங்கும்கூட இருந்தன. சிறைபோலவும் இருந்தது, மருத்துவமனைபோலவும் இருந்தது. தண்டனைக் கைதிகளும், தாமாக வந்து சேர்ந்தவர்களும் ஒரே கூடத்தில் சாப்பிட்டார்கள். பகலில் உடல் களைக்க வேலை செய்தால் இரவில் தூக்கம் வரும், நல்ல காற்றும் ஒழுங்கான நேரமும் மனிதனைச் சரிசெய்யும் என்பது அதை வடிவமைத்தவர்களின் நம்பிக்கை. முதல் தலைவரான லாரன்ஸ் கோல்ப், அடிமைப்பட்டவர்களைக் குற்றவாளிகளாகப் பார்க்க மறுத்த மனநல மருத்துவர். இந்தப் பார்வை அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். பிற்காலத்தில் சானி ரோலின்ஸ், செட் பேக்கர் போன்ற ஜாஸ் கலைஞர்கள் பலர் இங்கே நோயாளிகளாக இருந்தார்கள். எழுத்தாளர் வில்லியம் பரோஸ் 1948-இல் வந்துபோனார். அவருடைய முதல் நாவலில் இந்த இடம் வருகிறது.

வளாகத்துக்குள் இருந்த ஆய்வுப் பிரிவே லெக்சிங்டனை மருத்துவ வரலாற்றில் நிறுத்தியது. அதை நடத்திய கிளிஃப்டன் ஹிம்மல்ஸ்பாக், அதுவரை 'பொறுக்க முடியாத வேதனை' என்று மட்டுமே சொல்லப்பட்டதை எண்ணாக்கினார். கொட்டாவி, கண்ணீர், மூக்கொழுகல், வியர்வைக்கு ஒவ்வொரு புள்ளி. மயிர்க்கூச்செறிதல், நடுக்கம், விரிந்த கண்மணி, பசியின்மைக்கு மும்மூன்று. வாந்திக்கும், ஓரிடத்தில் இருக்க முடியாமல் தவிப்பதற்கும் ஐந்தைந்து. காய்ச்சல், மூச்சு வேகம், ரத்த அழுத்தம், எடைக் குறைவுக்குத் தனிக் கணக்கு. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு கோல்பும் ஹிம்மல்ஸ்பாக்கும் அதுவரை விற்பனையில் இருந்த சிகிச்சைகளை 1938-இல் ஒவ்வொன்றாகப் பரிசீலித்தபோது, பெல்லடோனா வகைச் 'சிகிச்சை'கள் வேதனையைக் குறைக்காததோடு கூட்டவும் செய்தன என்று தெரிந்தது. மார்பினையே படிப்படியாகக் குறைப்பது அவற்றைவிட மேலாக இருந்தது. முப்பது ஆண்டுப் புகழ் ஒரு கட்டுரையில் சரிந்தது.

இந்த அளவுகோல் பேசுவது ஒரு வார, பத்து நாள் கதையை. ஹிம்மல்ஸ்பாக் அதோடு நிற்கவில்லை. 1942-இல் வெளியிட்ட ஆய்வில், மருந்தை நிறுத்திய பிறகு உடலின் அளவுகள் முழுமையாக இயல்புக்குத் திரும்ப ஏறக்குறைய ஆறு மாதம் ஆகிறது என்று காட்டினார். 1969-இல் அதே ஆய்வகத்தின் வில்லியம் மார்ட்டினும் டொனால்ட் ஜாசின்ஸ்கியும் சிறைக்கைதித் தன்னார்வலர்களைப் பல மாதம் கவனித்து இதை உறுதிசெய்தார்கள். முதல் கட்டம் முடிந்ததும் ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, உடல் வெப்பம், கண்மணி அளவு எல்லாம் சிறிதளவு எதிர்த்திசையில் சாய்ந்து, ஆறு மாதத்துக்கும் மேல் அப்படியே இருந்தன. 'நீடித்த விலகல் நிலை' என்று அதற்குப் பெயர் வந்தது. வெளியே இருந்து பார்த்தால் ஆள் நலமாகத்தான் இருப்பார். உடல் இன்னும் சமநிலைக்கு வரவில்லை என்பது கருவிக்கும் தெரியும், இரவில் கண் மூடாத அவருக்கும் தெரியும்.

தூக்கத்தையே நேரடியாக ஆராய்ந்ததும் லெக்சிங்டன்தான். தலையில் மின்முனைகளை ஒட்டி இரவு முழுவதும் மூளையலைகளைப் பதிவுசெய்யும் முறை வந்தபின், டேவிட் கே என்ற ஆய்வாளர் மார்பினும் மெத்தடோனும் தூக்கத்தை என்ன செய்கின்றன என்று பார்த்தார். மார்பின் தூங்கவைக்கும் என்ற பொதுநம்பிக்கை பாதிதான் சரி. அது கனவு வரும் தூக்கத்தையும் ஆழ்தூக்கத்தையும் குறைத்து, இடையிடையே விழிக்கச் செய்து, மேலோட்டமான ஒரு கிறக்கத்தைத் தருகிறது. தொடர்ந்து எடுக்கும்போது உடல் ஓரளவு பழகிக்கொள்கிறது. நிறுத்தியபின் அந்தப் பழக்கம் தலைகீழாகத் திரும்பி, பல வாரம் தூக்கத்தின் கட்டமைப்பைக் கலைத்துப்போடுகிறது. ஆக, போதையை விட்டவர் இழந்துவிட்ட நல்ல தூக்கம் போதையில் இருந்தபோதும் அவருக்கு இருந்ததில்லை.

அப்படியானால் தூக்க மாத்திரை கொடுத்தால் என்ன? இந்தக் கேள்விக்கு லெக்சிங்டன் தந்த பதில் கடுமையானது. 1903-இல் வெரோனல் என்ற பெயரில் வந்த பார்பிட்டல் முதல், பார்பிட்யூரேட் மாத்திரைகள் அமெரிக்க வீடுகளில் சாதாரணமாகக் கிடந்தன. அவை பழக்கமாகுமே தவிர உண்மையான உடல் அடிமைத்தனத்தை உண்டாக்காது என்று மருத்துவர்கள் பலர் நினைத்தார்கள். லெக்சிங்டனில் ஹாரிஸ் இஸ்பெல்லும் உடன் உழைத்தவர்களும் ஐந்து தன்னார்வலர்களுக்குப் பார்பிட்யூரேட்டை மாதக்கணக்கில் கொடுத்து நிறுத்திப் பார்த்தார்கள். 1950-இல் வெளிவந்த முடிவின்படி பெரும்பாலானோருக்கு வலிப்பு வந்தது, சித்தப்பிரமை பிடித்தது. அபின்வகைகளை நிறுத்துவது பொதுவாக உயிரைப் பறிப்பதில்லை. தூக்க மாத்திரையைத் திடீரென நிறுத்துவது பறிக்கக்கூடும். தூக்கத்துக்காகக் கொடுத்த மருந்து, கொடுக்காமல் விட்ட போதையைவிட ஆபத்தானதாக நின்றது. பிறகு வந்த பென்சோடயாசெபைன் மாத்திரைகளும் இந்தச் சிக்கலிலிருந்து முழுதாகத் தப்பவில்லை. அபின்வகை மருந்தோடு சேர்த்து எடுத்தால் அவை மூச்சை அடக்கிவிடும் என்ற உச்சகட்ட எச்சரிக்கையை அமெரிக்க மருந்துத் துறை 2016-இல் பொட்டலத்திலேயே அச்சிட வைத்தது.

இஸ்பெல்லின் குழு இன்னொன்றையும் செய்தது. ஜெர்மனியில் உருவான மெத்தடோனைச் சோதித்து, மார்பினுக்குப் பதிலாக அதைக் கொடுத்து, ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாகக் குறைத்தால் விலகல் வேதனை வெகுவாகத் தணிகிறது என்று 1940களின் இறுதியில் கண்டது. லெக்சிங்டனின் முதல் வாரம் அதன்பின் பெரும்பாலோருக்குத் தாங்கக்கூடியதாக ஆயிற்று. மீதி மாதங்கள் அப்படியே இருந்தன.

அந்த மீதி மாதங்களைப் பற்றித்தான் 1947 பிப்ரவரியில் ஒரு கூட்டம் கூடியது. குடியை விட்டு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸில் இருந்த ஹூஸ்டன் என்பவர் கென்டக்கிக்குக் குடிவந்திருந்தார். நோயாளிகளை வைத்தே அதுபோல் ஒரு குழுவைத் தொடங்கலாம் என்று மருத்துவமனைத் தலைவர் விக்டர் வோகலிடம் எடுத்துச்சொன்னார். வோகல் இசைந்தார். அடிக்ட்ஸ் அனானிமஸ் என்று பெயரிட்டார்கள். வாரந்தோறும் கூடுவார்கள். வெள்ளைச் சட்டைக்காரர் யாரும் பேசமாட்டார்கள். இருக்கிறவர்கள் தங்கள் கதையைச் சொல்வார்கள், மற்றவர்கள் கேட்பார்கள். தங்களுக்கென்று ஓர் இதழும் நடத்தினார்கள்.

சில வாரம் முன்புதான் அங்கிருந்து பார்னி ராஸ் வெளியேறியிருந்தார். மூன்று எடைப் பிரிவுகளில் உலகக் குத்துச்சண்டைப் பட்டம் வென்றவர், குவாடல்கனால் போர்முனையில் வெள்ளி நட்சத்திரம் பெற்றவர். காயத்துக்கும் மலேரியாவுக்கும் ஏற்றிய மார்பின் அவரைப் பிடித்துக்கொண்டது. 1946-இல் தானாகவே அதிகாரிகளிடம் போய் நின்று லெக்சிங்டனுக்கு அனுப்பச் சொன்னார். அப்போதைய அமெரிக்காவில் ஒரு விளையாட்டு வீரர் இதைப் பகிரங்கமாகச் செய்வதற்கு வளையத்துக்குள் இறங்குவதைவிட அதிகத் துணிவு வேண்டும். பின்னாளில் எழுதிய வாழ்க்கைக் கதைக்கு அவர் 'தனித்து நிற்பவன் எவனும் இல்லை' என்ற பொருளில் தலைப்பு வைத்தார்.

அடிக்ட்ஸ் அனானிமஸ் கூட்டங்களால் வெளியே என்ன நடந்தது? பெரிதாக ஒன்றும் இல்லை. லெக்சிங்டனின் சுவருக்குள் குழு இருந்தது. ரயிலேறி நியூயார்க்கிலோ சிகாகோவிலோ இறங்கியவருக்கு ஒன்றும் இல்லை. பல ஊர்களில் குடிநோயாளர் சங்கங்கள் போதை ஊசிக்காரர்களைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கின. பரோலில் வந்தவர் பழைய போதைக்காரர்களோடு பழகினால் மீண்டும் சிறை என்பது பொதுவான நிபந்தனை. அதாவது, ஒருவர் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே கூட்டத்தோடு சேர்வதைச் சட்டம் தடுத்தது. தாமாக வந்து சேர்ந்தவர்கள் நினைத்தபோது வெளியேறலாம். பலர் தூக்கமில்லாத முதல் சில வாரங்களிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். அவர்களைப் பிடித்துவைக்க ஒரு விநோத ஏற்பாடும் இருந்தது. போதைப் பழக்கமே குற்றம் என்ற கென்டக்கி சட்டத்தின்கீழ் உள்ளூர் நீதிமன்றத்தில் தாமே குற்றத்தை ஒப்புக்கொண்டு ஓராண்டுத் தண்டனை வாங்கி, அதை மருத்துவமனையில் கழிக்கலாம். தங்களைத் தாங்களே நம்ப முடியாதவர்கள் பூட்டைக் கேட்டு வாங்கினார்கள்.

1962-இல் வெளியான ஹன்ட், ஓடராஃப் ஆகியோரின் ஆய்வு இந்த முறையின் மேல் விழுந்த அடி. லெக்சிங்டனிலிருந்து நியூயார்க்குக்குத் திரும்பியவர்களைத் தொடர்ந்து பார்த்ததில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்கள் மீண்டும் பழக்கத்தில் விழுந்திருந்தார்கள், அதுவும் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள். ஹிம்மல்ஸ்பாக் இருபது ஆண்டுக்கு முன் கண்ட ஆறு மாதமும் இதுவும் ஒன்றே என்பதை இன்று யாரும் கவனிக்காமல் இருக்க முடியாது. உடல் சரியாக எவ்வளவு காலம் ஆகும் என்று அளந்துவைத்திருந்த நிறுவனம், அந்தக் காலம் முடியுமுன் ஆளைத் தனியாக ஊருக்கு அனுப்பிவிட்டு, அவர் மனவுறுதி இல்லாதவர் என்று குறித்துக்கொண்டது. மனநல மருத்துவர் ஜார்ஜ் வேயண்ட் நூறு நியூயார்க் நோயாளிகளைப் பன்னிரண்டு ஆண்டு பின்தொடர்ந்து 1966-இல் எழுதியது சற்று நம்பிக்கை தந்தது. ஏறக்குறைய எல்லோரும் ஒரு முறையாவது விழுந்தார்கள். ஆனால் காலப்போக்கில் கணிசமானோர் விட்டுவிட்டார்கள். விட்டவர்களிடம் பொதுவாக இருந்தது நீண்ட மருத்துவமனை வாசம் அல்ல. ஓராண்டாவது விடாமல் வந்து பார்த்த பரோல் அதிகாரி, புதிய உறவு, நிலையான வேலை ஆகியவைதான். யாராவது ஒருவர் தவறாமல் கேட்டுக்கொண்டிருந்தால் பலன் இருந்தது, அவர் அதிகாரியாக இருந்தாலும்கூட.

சுவருக்கு வெளியே துணையைக் கட்டியெழுப்பியவர்கள் நோயாளிகளே. லெக்சிங்டனுக்குப் பலமுறை போய்வந்த டேனி கார்ல்சன் 1940களின் இறுதியில் நியூயார்க்கில் குழு அமைக்கப் பாடுபட்டார். கலிஃபோர்னியாவில், ஸ்காட்லாந்தில் பிறந்த ஜிம்மி கின்னனும் நண்பர்களும் 1953-இல் நார்காட்டிக்ஸ் அனானிமஸைத் தொடங்கினார்கள். போதைக்காரர்கள் நாலு பேர் கூடினாலே காவல்துறை கண் வைக்கும் காலம் என்பதால் தொடக்கக் கூட்டங்கள் வீடு மாறி வீடு நடந்தன. அவர்களுடைய வழக்கங்களில் மிக எளிமையானதுதான் தூக்கமின்மைக்கு நேரடி மருந்து. புதிதாக வருபவரின் கையில் தொலைபேசி எண்களின் பட்டியலைக் கொடுத்து, எந்த நேரமானாலும் கூப்பிடு என்பார்கள். இரவு மூன்று மணிக்கு எந்த மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவும் திறந்திருக்காது. அதே தூக்கமின்மையை அனுபவித்த ஒருவர் மறுமுனையில் எடுப்பார்.

1958-இல் சான்டா மோனிகா கடற்கரையோரம் சார்லஸ் டீடெரிக் தொடங்கிய சினனான் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனது. அங்கே புதியவரைத் தனியறையில் அடைக்கவில்லை. வீட்டின் நடுக்கூடத்துச் சோபாவில் படுக்கவைத்தார்கள். சுற்றிலும் மற்றவர்கள் பேசுவார்கள், வாசிப்பார்கள், இசை கேட்பார்கள். யாராவது முதுகைப் பிடித்துவிடுவார்கள், முட்டையும் பாலும் அடித்துக் கொடுப்பார்கள். மருந்து கிடையாது. பார்க்க வந்த ஆய்வாளர்களை வியப்பில் ஆழ்த்தியது, சிறைக் கொட்டடியில் அலறியவர்கள் இங்கே சளி பிடித்தவர்போல் கடந்துபோனதுதான். லெவின்ஸ்டைனின் பூட்டிய அறைக்கு நேர் எதிரானது அந்தச் சோபா. ஆனால் சினனானைப் போற்றி எழுதுபவர்கள் முடிவையும் எழுத வேண்டும். ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி ஏசும் 'விளையாட்டு' அங்கே சிகிச்சை என்ற பெயரில் நடந்தது. வெளியேறுவது துரோகமாயிற்று. தலைவர் சொல்லே சட்டமாயிற்று. 1978-இல் தங்களை எதிர்த்து வழக்காடிய வழக்கறிஞரின் அஞ்சல் பெட்டியில் விஷமுள்ள கிலுகிலுப்பைப் பாம்பையே போட்டுவைத்தார்கள். துணை தேவை என்பது உண்மை. துணையின் பெயரால் ஆளை விழுங்கும் அமைப்புகளும் உண்டு.

வேறொரு பாதையைத் திறந்தவரும் லெக்சிங்டனிலிருந்து கசந்து வெளியேறியவர்தான். மேரி நைஸ்வாண்டர் 1945 வாக்கில் அங்கே இளம் மருத்துவராக இருந்தார். நோயாளிகளை நடத்திய விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. 1964-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் வின்சென்ட் டோலுடன் சேர்ந்து, மெத்தடோனைக் குறைத்து நிறுத்தாமல் நாள்தோறும் ஒரே அளவில் தொடர்ந்து கொடுத்தார். அலைக்கழிவு நின்றது. ஆட்கள் வேலைக்குப் போனார்கள், படித்தார்கள். 22 நோயாளிகளைப் பற்றிய அவர்களின் கட்டுரை 1965-இல் வந்தது. நோயாளி சரியாகும்வரை உடலைத் தாங்கிப்பிடிக்கலாம் என்ற எண்ணம் அதிலிருந்து வேரூன்றியது. நார்காட்டிக்ஸ் அனானிமஸின் பல குழுக்கள் மெத்தடோன் எடுப்பவரை 'முழுதாக விட்டவர்' என்று ஏற்க மறுத்தன. ஆய்வுக்கூடத்துக்கும் கூட்ட அறைக்கும் இடையிலிருந்த பழைய மௌனம் இங்கே வாக்குவாதமாக மாறியது. இன்றும் அது முழுதாகத் தீரவில்லை.

லெக்சிங்டன் 1974-இல் சிறைத்துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு எட்வர்ட் கென்னடி தலைமையிலான செனட் விசாரணையில், ஆய்வுக்கு உடன்பட்ட கைதிகளுக்குக் கூலியாகப் போதைமருந்தே கொடுக்கப்பட்டதும், எல்.எஸ்.டி. சோதனைகளுக்கு உளவுத்துறைப் பணம் வந்ததும் வெளிவந்தன. தூக்கமின்மை பற்றிய அறிவில் எவ்வளவு பங்கு இப்படிப் பெறப்பட்ட சம்மதத்தின்மேல் நிற்கிறது என்பதை மறைத்துவிட்டு இந்த வரலாற்றைச் சொல்ல முடியாது. ஆய்வுப் பிரிவு மட்டும் மேலும் சில காலம் இயங்கிப் பின்னர் பால்டிமோருக்குப் போனது. போகுமுன் 1978-இல் ஜாசின்ஸ்கியின் குழு, வலிக்காக உருவான பியூப்ரெனார்ஃபின் போதை மீட்புக்கும் ஏற்றது என்று காட்டியது. அதே ஆண்டு மார்க் கோல்டும் உடனிருந்தவர்களும் ரத்த அழுத்த மருந்தான குளோனிடின் வியர்வையையும் படபடப்பையும் அடக்குவதைக் கண்டார்கள். தூக்கமின்மைக்கு அது அவ்வளவாக எட்டவில்லை.

ஏன் எட்டவில்லை என்பதற்கான ஒரு விடை 2018-இல் வந்தது. விழிப்பைத் தாங்கிப்பிடிக்கும் ஓரெக்சின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்புச் செல்கள், இறந்த ஹெராயின் பழக்கக்காரர்களின் மூளையில் சராசரியாக 54 விழுக்காடு கூடுதலாக இருந்தன என்று கலிஃபோர்னியாவில் ஜெரோம் சீகலின் குழு எழுதியது. ஆராய்ந்தவை ஐந்து மூளைகளே. என்றாலும், விலங்கு ஆய்விலும் இதே போக்கு தெரிந்தது. 2022-இல் வெளிவந்த ஆய்வில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் ஓரெக்சினைத் தடுக்கும் சுவோரெக்சன்ட் மாத்திரையை விலகல் காலத்தில் கொடுத்துப் பார்த்தபோது தூக்கமும் கூடியது, ஏக்கமும் குறைந்தது. சிறிய ஆய்வு, பெரிய அளவில் உறுதிப்பட வேண்டும். இதற்கு முன் மெத்தடோன் நோயாளிகளுக்கு ட்ராசடோன் கொடுத்த ஓர் ஆய்வு 2012-இல் பலனில்லை என்று முடிந்திருந்தது. மருந்தில்லா வழிகளில் இதுவரை நம்பத்தக்கது, தூக்கமின்மைக்கான அறிவாற்றல்-நடத்தைச் சிகிச்சை. தினமும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வராதபோது படுக்கையில் புரளாமல் எழுந்துவிடுவது, படுக்கையில் கிடக்கும் நேரத்தையே குறைப்பது என்று சில வாரம் பழக்குவார்கள்.

லெக்சிங்டனில் சோதித்த பியூப்ரெனார்ஃபின் இந்தியாவுக்கு இரண்டு முகத்தோடு வந்தது. 1990களில் சென்னை, டெல்லி, கொல்கத்தா போன்ற நகரங்களில் மலிவான ஊசிமருந்தாக அதுவே போதையாயிற்று. எச்.ஐ.வி. பரவலோடும் சேர்ந்துகொண்டது. பிறகு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு 2007 முதல் அதையே நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரையாக, ஊழியர் கண்முன்னே, நாள்தோறும் கொடுக்கும் மையங்களை நடத்திவருகிறது. அந்த வரிசையில் தினம் ஒருமுறை பார்க்கும் முகங்களும் சிகிச்சையின் பகுதிதான்.

மீட்பின் முதல் மாதங்களில் இருப்பவர்களும் வீட்டாரும் அறிந்திருக்க வேண்டியவை இரண்டு. சில வாரம் விட்டிருந்தவரின் உடலுக்குப் பழைய அளவைத் தாங்கும் சக்தி போயிருக்கும். தூக்கம் வராத ஓர் இரவில் பழைய அளவைத் திரும்ப எடுப்பது உயிரிழப்புக்கு ஒரு முக்கியக் காரணம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரையும் அதே ஆபத்தைக் கூட்டும். தூக்கமின்மையைச் சிகிச்சை தரும் மருத்துவரிடமே சொல்ல வேண்டும். நள்ளிரவில் பேச ஆள் இல்லாதவர்களுக்கு, இந்திய அரசின் போதை மீட்பு இலவச உதவி எண் 14446. மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416, இருபத்துநான்கு மணி நேரமும் தமிழிலும் பேசலாம்.